காணாமல் போனவர்களைத் தேடிச் சென்ற 10 போலீசார் பலி! அக்டோபர் 21 சொல்லும் எல்லைக் கதை

சென்னை, அக். 21—

கடற்கரைச் சாலையில் பஸ்சில் ஆபீஸ் போகிறவர்கள் இந்தக் காட்சியைப் பார்த்திருக்கலாம்.

டி.ஜி.பி. ஆபீஸ் வளாகத்தில் காவலர் நினைவுச் சின்னம். பெரிய அதிகாரிகள் வரிசையாக வந்து மலர் வளையம் வைக்கிறார்கள். போலீசார் துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்து, தலை குனிந்து நிற்கிறார்கள். அந்த வருஷம் நாடு முழுவதும் கடமையில் உயிர்விட்ட போலீசாரின் கணக்கு சொல்லப்படுகிறது. குண்டுகள் முழங்குகின்றன.

அதற்குள் பஸ் நகர்ந்துவிடும். பஸ்சில் இருப்பவர்களும் மறந்துவிடுவார்கள்.

ஒவ்வொரு வருஷமும் இதே தேதியில்தான் இது நடக்கிறது. அது ஏன் அக்டோபர் 21?

இந்தத் தேதிக்கும் சென்னைக்கும் சம்பந்தம் இல்லை. திருடனைப் பிடிக்கப் போய் யாரும் செத்த நாளும் அல்ல. கலவரத்தில் யாரும் பலியான நாளும் அல்ல. இமயமலைக்கு அப்பால், புல்கூட முளைக்காத ஒரு மேட்டில், சீனப் பட்டாளத்தின் குண்டுக்கு 10 போலீசார் பலியான நாள் இது.

போலீஸ்காரருக்கு அங்கே என்ன வேலை? இந்தக் கேள்விக்கு 1959-ல் ஒரு பதில் சொல்லப்பட்டது. கேள்வி மட்டும் இன்னும் தீரவில்லை.

எல்லையில் அப்போது யார்?

இந்தியாவுக்கும் திபெத்துக்கும் நடுவே சுமார் 2,500 மைல் எல்லை. 1959-ம் வருஷம் பாதிக்கு மேல் கழியும் வரை அந்த எல்லையைக் காத்தது ராணுவம் அல்ல, போலீஸ்.

அதற்குக் காரணம் இருந்தது. அந்தப் பக்கம் இருந்தது திபெத். ஆட்டுக்காரர்கள், உப்பு வியாபாரிகள், கம்பளி வியாபாரிகள், யாத்திரை போகிறவர்கள் என்று ஜனங்கள் வருவதும் போவதுமாக இருந்த பாதைகள் அவை. அந்தப் பாதைகளில் பட்டாளத்தை நிறுத்தினால் சண்டைக்குத் தயாராகிறோம் என்று அர்த்தம். போலீசை நிறுத்தினால் இது எங்கள் ஊர், இங்கே எங்கள் சட்டம் நடக்கிறது என்று அர்த்தம்.

1954-ல் இந்தியாவும் சீனாவும் பஞ்சசீல ஒப்பந்தம் செய்துகொண்டன. சண்டை வரும் என்று டெல்லியில் பெரிய கவலை இல்லை. போலீசே போதும் என்று விட்டுவிட்டார்கள்.

ஆனால் மலைக்கு அந்தப் பக்கம் நிலைமை மாறிக்கொண்டிருந்தது. அக்சாய் சின் பகுதி வழியாக சீனா ரோடு போட்டுவிட்டது. 1957-ல் ரோடு முடிந்தது. 1958-ல் அதைப் பார்த்துவர இந்தியா ஆட்களை அனுப்பியது. அதில் ஒரு கோஷ்டி சீனரிடம் சிக்கியது.

1959 மார்ச்சில் திபெத்தில் கிளர்ச்சி வெடித்தது. தலாய் லாமா தப்பி இந்தியாவுக்கு வந்தார். ஆகஸ்டில் கிழக்கு எல்லையில் லாங்ஜூ என்ற இடத்தில் துப்பாக்கிச் சண்டை நடந்தது. எல்லை முழுக்கப் புகைய ஆரம்பித்துவிட்டது.

அப்போதும் லடாக் மலையில் நின்றது போலீஸ்தான்.

கூலியாளோடு போன இருவர்

லடாக்கின் வடகிழக்கே சாங் சென்மோ என்று ஒரு பள்ளத்தாக்கு. அங்கே ஒரு இடத்தில் வெந்நீர் ஊற்றுகள் உண்டு. அதனால் அந்த இடத்துக்கு ஹாட் ஸ்பிரிங்ஸ் என்று பெயர். பெயரில்தான் சூடு. இடம் 15 ஆயிரம் அடிக்கு மேலே. அக்டோபர் மாதத்தில் ரத்தம் உறையும் குளிர். நாலு எட்டு நடந்தாலே மூச்சு வாங்கும்.

அங்கிருந்து லானக் கணவாய் வரை போய் இந்தியக் காவலை நிலைநாட்டுவது திட்டம். அதுதான் எங்கள் எல்லை என்றது இந்தியா. இல்லை, அதற்கு மேற்கே உள்ள கொங்கா கணவாய்தான் எல்லை என்றது சீனா. இந்த இரண்டு கணவாய்க்கும் நடுவிலேதான் தகராறு.

அக்டோபர் 20-ந் தேதி பாதை பார்த்து வருவதற்காக மூன்று கோஷ்டிகள் புறப்பட்டன. இரண்டு கோஷ்டிகள் பிற்பகலுக்குள் திரும்பிவிட்டன. மூன்றாவது கோஷ்டி திரும்பவில்லை. அதில் போனவர்கள் இரண்டு போலீஸ் கான்ஸ்டபிள்கள், ஒரு சுமைக் கூலியாள்.

இருட்டியது. அவர்கள் வரவில்லை. அந்தக் குளிரில் வெட்டவெளியில் ஒரு ராத்திரி கிடந்தால் என்ன ஆகும் என்பது முகாமில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

மேட்டிலிருந்து குண்டு மழை!

மறுநாள் 21-ந் தேதி அதிகாலையிலேயே முகாமில் இருந்த ஆட்கள் எல்லோரும் திரட்டப்பட்டார்கள். மத்திய உளவுத்துறை அதிகாரி கரம்சிங் தலைமை தாங்கினார். சுமார் 20 பேர் அவரோடு புறப்பட்டார்கள். அவர் குதிரையில் போனார். மற்றவர்கள் நடந்து போனார்கள்.

அன்றைய வேலை யாரோடும் சண்டை போடுவது அல்ல. காணாமல் போன மூன்று பேரைத் தேடுவதுதான். ஊரில் ஒரு பிள்ளை காணாமல் போனால் ஸ்டேஷனிலிருந்து நாலு பேர் தேடிக் கிளம்புவதில்லையா? அதே போலீஸ் வேலைதான்.

நடுப்பகல். பக்கத்தில் ஒரு மேடு. அந்த மேட்டின் மேல் சீனச் சிப்பாய்கள். திடீரென்று அங்கிருந்து துப்பாக்கிகள் வெடித்தன. கையெறி குண்டுகள் வந்து விழுந்தன.

கீழே நின்றவர்களுக்கு மறைந்துகொள்ள இடமே இல்லை. மரம் கிடையாது. பாறை கிடையாது. வெறும் பொட்டல். சுட்டவர்கள் மேலே, சுடப்பட்டவர்கள் கீழே.

10 பேர் அங்கேயே மடிந்தார்கள். காயம்பட்ட ஏழு பேர் பிடிபட்டார்கள். மிச்சம் இருந்தவர்கள் தப்பித்து முகாம் வந்து சேர்ந்தார்கள். பிடிபட்டவர்களில் கரம்சிங்கும் ஒருவர்.

முதலில் சுட்டது இந்தியர்கள்தான் என்று சீனா சொன்னது. இந்தியா மறுத்தது. இரு தரப்பும் மாறி மாறிக் கடிதம் எழுதிக்கொண்டன.

தேடியவர்கள் போனார்கள், தேடப்பட்டவர்கள் வந்தார்கள்

மூன்று வாரம் ஆகியும் பிணங்கள் வரவில்லை. வீட்டுக்காரர்கள் எப்படிக் காத்திருந்திருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

நவம்பர் 13-ந் தேதி சீனா உடல்களை ஒப்படைத்தது. ஹாட் ஸ்பிரிங்சிலேயே போலீஸ் மரியாதையுடன் தகனம் நடந்தது.

மறுநாள் கைதிகள் விடுவிக்கப்பட்டார்கள். கரம்சிங் வந்தார். அவரோடு பிடிபட்டவர்கள் வந்தார்கள். முதல் நாள் காணாமல் போன அந்த இரண்டு கான்ஸ்டபிள்களும் கூலியாளும்கூட உயிரோடு வந்து சேர்ந்தார்கள்.

யாரைத் தேடிப் போனார்களோ அவர்கள் பிழைத்தார்கள். தேடிப் போனவர்கள் சாம்பலானார்கள்.

சிறையில் நடந்ததும் வெளியே வந்தது. கடுங்குளிரில் வாட்டினார்கள், ஓயாமல் விசாரித்தார்கள், முதலில் சுட்டது நாங்கள்தான் என்று எழுதி வாங்கப் பார்த்தார்கள் என்று கரம்சிங் வாக்குமூலம் கொடுத்தார். இந்தியா சீனாவிடம் கண்டனம் தெரிவித்தது.

1960 ஜனவரியில் எல்லா மாநில போலீஸ் ஐ.ஜி.க்களும் மாநாடு கூடினார்கள். இனி வருஷா வருஷம் அக்டோபர் 21-ந் தேதி காவலர் வீரவணக்க நாள் என்று முடிவானது. ஹாட் ஸ்பிரிங்சில் நினைவுச் சின்னம் கட்டுவது, பல மாநில போலீசாரும் அங்கே ஏறிப் போய் அஞ்சலி செலுத்துவது என்றும் முடிவு செய்தார்கள்.

2018 அக்டோபர் 21-ல் டெல்லி சாணக்கியபுரியில் தேசிய போலீஸ் நினைவகம் திறக்கப்பட்டது. 30 அடி உயரத்தில் ஒரே கல். அங்கே ஒரு சுவரில் சுதந்திரத்துக்குப் பிறகு பணியில் உயிர்விட்ட போலீசாரின் பெயர்களைப் பொறித்தார்கள். திறந்த அன்று கணக்கு 34 ஆயிரத்து 844. அதற்குப் பிறகும் வருஷா வருஷம் பெயர்கள் ஏறிக்கொண்டே இருக்கின்றன.

தவறு எங்கே?

எல்லையில் போலீசை நிறுத்தியதே தப்பு, முதலிலேயே ராணுவம் போயிருக்க வேண்டும் என்று சொல்கிறவர்கள் உண்டு.

அது பாதி உண்மைதான்.

போலீஸ் எல்லையில் நிற்பது தப்பு அல்ல. கள்ளக்கடத்தலைப் பிடிக்க, வருகிறவன் போகிறவனை விசாரிக்க, வழி தவறிய ஆட்டுக்காரனைத் திருப்பி அனுப்ப போலீஸ்தான் சரியான ஆள். அதற்கெல்லாம் பீரங்கியோடு நிற்பவன் எதற்கு? பட்டாளத்தைக் கொண்டுபோய் நிறுத்தினால் எதிராளியும் நிறுத்துவான். நேற்று வரை வெறும் தகராறாக இருந்தது நாளைக்குச் சண்டை ஆகிவிடும்.

அப்படியானால் 1959-ல் கோளாறு எங்கே?

வேலை மாறியது. ஆள் மாறவில்லை. கோளாறு இதுதான்.

இது எங்கள் இடம் என்று நாட்டுவதற்காக, எதிரே ஒரு பெரிய பட்டாளம் நிற்கும் இடத்துக்குப் போகச் சொன்னார்கள். அது ராணுவக் காரியம். ஆனால் போனவர்கள் கையில் இருந்தது போலீஸ் சாமான். பின்னால் உதவிக்கு வர யாரும் இல்லை. எதிரே எத்தனை பேர், எந்த மேட்டில் இருக்கிறார்கள் என்று சொல்ல ஆள் இல்லை. டெல்லியில் மேஜை மேல் இருந்த வரைபடத்துக்கும் லடாக் மலைக்கும் நடுவே இருந்த இடைவெளியில் 10 உயிர் போனது.

கரம்சிங் கோஷ்டியின் தைரியத்தை யாரும் குறை சொல்ல முடியாது. சக ஆட்களைக் காணோம் என்றதும் விடிந்ததும் விடியாததுமாகக் கிளம்பினார்கள். ஆனால் ஆள் தைரியசாலி என்பதற்காக அனுப்பியவர்கள் பொறுப்பிலிருந்து தப்பிக்க முடியாது.

பிறகு என்ன மாறியது?

இந்தச் சம்பவத்துக்குப் பிறகு லடாக் எல்லை ராணுவத்திடம் போனது. பார்லிமெண்டில் கொந்தளிப்பு ஏற்பட்டது. பிரதமர் நேரு மீது கடும் நெருக்கடி. 1960 ஏப்ரலில் சீனப் பிரதமர் சூ என்லாய் டெல்லிக்கே வந்து பேசினார். பேச்சு முறிந்தது.

1962 அக்டோபர் 20. போர் மூண்டது. மூன்று கோஷ்டிகள் பாதை பார்க்கக் கிளம்பிய அதே தேதி, சரியாக மூன்று வருஷம் கழித்து.

போர் தொடங்கி நாலு நாள் கழித்து, அக்டோபர் 24-ல் இந்தோ-திபெத் எல்லைப் போலீஸ் படை தொடங்கப்பட்டது. பெயரில் போலீஸ். பயிற்சியும் சாமானும் மலைக்கென்றே உள்ளவை.

மேற்கு எல்லையிலும் இதே பாடம்தான். பாகிஸ்தான் எல்லையில் மாநில ஆயுதப் போலீசும் ரிசர்வ் போலீசும் நின்றன. 1965 ஏப்ரல் 9-ல் கட்ச் பகுதியில் பாகிஸ்தான் ராணுவம் தாக்கியது. சர்தார் போஸ்ட் என்ற இடத்தில் மத்திய ரிசர்வ் போலீசின் இரண்டே கம்பெனிகள் எதிர்த்து நின்றன. சமாளித்தார்கள். ஆனால் ராணுவத்தை போலீஸ் எதிர்த்து நிற்கும் நிலைமை ஏன் வந்தது என்ற கேள்வி எழுந்தது. அதே வருஷம் டிசம்பர் 1-ந் தேதி எல்லைப் பாதுகாப்புப் படை பிறந்தது.

ஒவ்வொரு முறையும் ரத்தம் சிந்திய பிறகே புதுப் படை வந்தது. முன்யோசனையோடு வந்த படை இதில் ஒன்றும் இல்லை.

மீண்டும் ஹாட் ஸ்பிரிங்ஸ்

60 வருஷத்துக்குப் பிறகு அதே பெயர் மறுபடி பத்திரிகையில் வந்தது.

2020 கோடையில் லடாக் எல்லையில் சீனப் படைகள் குவிந்தன. ஜூன் 15-ந் தேதி ராத்திரி கல்வான் பள்ளத்தாக்கில் கைகலப்பு. எல்லைக் கோட்டருகே துப்பாக்கியால் சுடக்கூடாது என்று 1996-ல் போட்ட ஒப்பந்தம் இருந்தது. அதனால் கல்லாலும் தடியாலும் அடித்துக்கொண்டார்கள். இந்திய வீரர்கள் 20 பேர் மாண்டார்கள். ராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனி அவர்களில் ஒருவர். சீன எல்லையில் மோதலில் உயிர்ப்பலி நடந்தது 1975-க்குப் பிறகு அதுவே முதல் தடவை.

அந்த மோதலில் இரு படைகளும் எதிரெதிரே நின்ற இடங்களில் ஹாட் ஸ்பிரிங்ஸ் பகுதியும் ஒன்று. இரண்டு வருஷத்துக்கு மேல் பேசி, 2022 செப்டம்பரில்தான் அங்கிருந்து இரு தரப்பும் பின்வாங்கின.

மிச்சம் இருந்த டெப்சாங், டெம்சோக் பகுதிகளில் ரோந்து போவது பற்றி உடன்பாடு ஏற்பட்டதாக இந்தியா அறிவித்த தேதி எது தெரியுமா? 2024 அக்டோபர் 21! யாரும் திட்டமிட்டுத் தேதி குறித்திருக்க மாட்டார்கள். ஆனாலும் பொருத்தம்தான். 65 வருஷத்துக்கு முன் 10 பேர் செத்ததும் ரோந்து எங்கே வரை போகலாம் என்ற இதே தகராறில்தான்.

அந்தத் தகராறு பேச்சில் தீர்ந்தால் சாவு இல்லை. பேச்சில் தீராதபோது யாரோ ஒரு கான்ஸ்டபிள் நடந்து போய்த்தான் தீர்க்க வேண்டியிருக்கிறது.

எல்லை என்றால் இமயம் மட்டுமா?

நம் பக்கத்திலும் எல்லை உண்டு. மாநில எல்லை.

கன்னியாகுமரி மாவட்டம் களியக்காவிளை. தமிழ்நாடும் கேரளாவும் சந்திக்கும் இடம். 2020 ஜனவரி 8-ந் தேதி ராத்திரி அங்குள்ள சோதனைச் சாவடியில் காவல் பார்த்துக்கொண்டிருந்தார் சிறப்பு சப்-இன்ஸ்பெக்டர் வில்சன். வந்த இரண்டு பேர் துப்பாக்கியால் சுட்டுவிட்டு ஓடிவிட்டார்கள். அவர் பலியானார். அவர் குடும்பத்துக்குத் தமிழக அரசு ரூ.1 கோடி அறிவித்தது. வழக்கு என்.ஐ.ஏ.விடம் போனது.

லடாக்கில் பனிமலை. களியக்காவிளையில் பஸ்சும் லாரியும் ஓடும் ரோடு. இரண்டுக்கும் ஒற்றுமை ஒன்றுதான். எதிரே வருகிறவன் யார், கையில் என்ன வைத்திருக்கிறான் என்பது தெரியாமல் நிற்க வேண்டிய வேலை. ஸ்டேஷன் போலீசுக்குச் சுற்றிலும் தெரிந்த தெரு, தெரிந்த முகம். சாவடிப் போலீசுக்கு எல்லாம் தெரியாத முகம்.

நள்ளிரவில் சாவடியில் எத்தனை பேர் இருக்க வேண்டும், எத்தனை பேர் கையில் துப்பாக்கி இருக்க வேண்டும், மறைந்துகொள்ள ஒரு மண்மூட்டைச் சுவராவது உண்டா? மலர் வளையம் வைக்கும் நாளில் கேட்க வேண்டிய கேள்விகள் இவை. செத்தவருக்கு மரியாதை செய்வது நல்லது. அடுத்தவர் சாகாமல் பார்ப்பது அதைவிட நல்லது.

பென்ஷன் தகராறு

எல்லையில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் ராணுவ வீரருக்கும் எல்லைப் போலீசுக்கும் குளிர் ஒன்றுதான். ஆனால் ரிட்டயர் ஆகும்போது கணக்கு வேறு.

2004 ஜனவரி 1-க்குப் பிறகு மத்திய அரசில் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்குப் பழைய பென்ஷன் இல்லை என்று ஆனது. முப்படைகளுக்கு மட்டும் விலக்கு. எல்லைப் போலீஸ், ரிசர்வ் போலீஸ் எல்லாம் விலக்கில் சேரவில்லை. நாங்களும் ஆயுதப்படைதானே என்று அவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2023 ஜனவரியில் டெல்லி ஐகோர்ட் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. மத்திய அரசு அப்பீல் போனது. அதே வருஷம் ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் தடை விதித்தது.

சட்டப்படி எது சரி என்பது கோர்ட்டு பாடு. ஆனால் ஆபீசில் குமாஸ்தாவாக இருக்கிறவருக்கே பென்ஷன் இல்லை என்றால் வயிறு கலங்குகிறது. 15 ஆயிரம் அடி உயரத்தில் நிற்கிறவருக்கும் வீட்டில் பெண்டாட்டி பிள்ளைகள் உண்டு. சண்டை வந்தால் ராணுவம் மாதிரி நில், சம்பளக் கணக்கில் மட்டும் நீ சிவிலியன் என்றால் எப்படி என்று அவர்கள் கேட்பதில் நியாயம் இல்லாமல் இல்லை.

மூன்று கேள்வி

அக்டோபர் 21 வருஷா வருஷம் வரும். மலர் வளையமும் வரும். அதோடு மூன்று கேள்வியும் வர வேண்டும்.

ஒன்று: எல்லைக்கு அனுப்பப்படுகிறவர் செய்யப்போவது போலீஸ் வேலையா, பட்டாள வேலையா? அதற்குத் தகுந்த ஆயுதமும் துணையும் கொடுத்தார்களா?

இரண்டு: தகராறு உள்ள இடத்தில் எங்கே வரை போகலாம், சிக்கினால் என்ன செய்ய வேண்டும் என்று தெளிவான உத்தரவு அவர் கையில் இருக்கிறதா?

மூன்று: அவர் திரும்பி வராவிட்டால் அவர் வீட்டு அடுப்பு எரியுமா?

இந்த மூன்றுக்கும் ‘ஆம்’ என்று பதில் வந்தால் கரம்சிங்கோடு போன அந்த 10 பேர் செத்ததற்கு ஒரு அர்த்தம் உண்டு.

பதில் வராத வரை, அடுத்த வருஷமும் கடற்கரைச் சாலையில் துப்பாக்கிகள் தலைகீழாகத் திரும்பும். பட்டியலில் புதுப் பெயர்கள் சேரும். பஸ் நகர்ந்துவிடும்.